சந்திக்காத மனிதருக்காக அழலாமா?

கேள்வி: நான் 1986-இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவள். வந்த புதிதில் ஆங்கிலம் புரிந்தாலும் ஆங்கிலேயர்களின் சிரிப்பு புரியவில்லை. பிபிசி ரேடியோ 4-இல் 'ஐம் சாரி ஐ ஹாவன்ட் எ க்ளூ' என்ற நகைச்சுவைப் போட்டி நிகழ்ச்சியை நடத்திய ஹம்ஃப்ரி லிட்டில்டன்தான் அதை எனக்குப் புரியவைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பில் கறி கொதிக்க, நான் வெங்காயம் நறுக்கியபடி தனியாக நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். 2008-இல் அவர் இறந்த அன்று நான் அழுததைக் கணவர் பொறுத்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் ஏப்ரல் வந்தால் மனம் கனத்துவிடுகிறது. பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். இப்போது ஜாக் டீ நடத்தும் அதே நிகழ்ச்சியை மகள் விரும்பிக் கேட்கிறாள், எனக்கோ அதைக் கேட்பது துரோகம்போல் படுகிறது. 1991-இல் ஊரில் அப்பா காலமானபோது சண்டை காரணமாக என்னால் போக முடியவில்லை. "நீ அழுவது உன் அப்பாவுக்காக, அந்த வெள்ளைக்காரருக்காக இல்லை" என்கிறார் கணவர். எஸ்.பி.பி. மறைந்தபோது ஒரு வாரம் யாருடனும் முகம் கொடுத்துப் பேசாதவர் அவர். எனக்கு ஏதும் மனக்கோளாறு இருக்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது துக்கம், அதற்கு நோயின் பெயர் எதையும் சூட்ட வேண்டியதில்லை. உறக்கம், உணவு, வேலை பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லாததால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் இறுதியில் வருகிறேன்.

நேரில் பார்த்திராத ஒருவரிடம் இப்படி ஓர் ஒட்டுதல் உண்டாவதைப் பற்றி உளவியலில் பேச்சு தொடங்கி வெகுகாலமாகிவிட்டது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-இல் எழுதிய கட்டுரையில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நம்மை நோக்கிப் பேசும் தொகுப்பாளர்களோடு நேயர்களுக்கு உருவாகும் உறவைத் தொலைவிலிருந்தே அமையும் நெருக்கம் என்று விவரித்தார்கள். தொகுப்பாளர் எதிரில் இருப்பவரிடம் உரையாடுவதுபோலவே பேசுகிறார், நேயரும் மனதுக்குள் பதில் சொல்கிறார், வாரம் தவறாமல் அதே நேரத்தில் அதே குரல் வருவதால் நாளடைவில் அந்தக் குரலின் சுபாவம் நமக்கு அத்துபடியாகிறது. இந்த உறவு ஒருவழிப்பட்டது என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அவர் கொடுத்தார், நீங்கள் பெற்றுக்கொண்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் பெற்றுக்கொண்ட ஒன்று ஒரு நாள் நின்றுபோனால் மனம் அதை இழப்பாகக் கருதுவதில் வியப்பில்லை. வியப்பு உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்குத்தான், உங்கள் தயக்கமும் அங்கிருந்துதான் வருகிறது. இறந்தவர் கணவர், தாய், பிள்ளை என்றால் வீட்டுக்கு ஆள் வருகிறது, சாப்பாடு வருகிறது, அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கிறது. இறந்தவர் ஒரு வானொலிக்காரர் என்றால் "அதற்கென்ன" என்ற கேள்விதான் வருகிறது. இப்படிச் சமூகம் உரிமை தர மறுக்கும் துக்கத்தைக் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-இல் தனி வகையாகவே பிரித்து எழுதினார். அத்தகைய துக்கம் அளவில் சிறியதாகவே இருந்தாலும், வெளியே காட்ட இடமில்லாததால் நீண்ட நாள் உள்ளேயே தங்கிவிடுகிறது. உங்கள் ஏப்ரல் மாதங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் இழந்தது எதை என்பதைச் சற்று நுணுக்கமாகப் பார்ப்பது உங்களுக்கு உதவும். லிட்டில்டன் தம் அந்தரங்கத்தை மிகக் கண்டிப்பாகக் காத்தவர். வடக்கு லண்டனில் பார்னெட் பக்கம் அவர் கட்டிக்கொண்ட வீட்டுக்கு வெளிப்புறம் வெறும் சுவர்தான் தெரியும், சன்னல்களெல்லாம் உள்முற்றத்தை நோக்கியவை. தொலைபேசி எண்ணை வெளியே தெரியவிட மாட்டார். அந்தச் சுவர்களுக்குள் இருந்த மனிதரை அவருடைய குடும்பமும் இசைக்குழுவினரும் இழந்தார்கள். நீங்கள் இழந்தது, வேண்டாவெறுப்பாக நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர்போலப் பெருமூச்சு விடுவதையும், எதிரில் நான்கு பேர் உயிரைக் கொடுத்து வேடிக்கை செய்ய "இதெல்லாம் எனக்கு எதற்கு" என்ற தொனியில் அடுத்த சுற்றை அறிவிப்பதையும் ஒரு கலையாகவே ஆக்கிவிட்ட குரலை. அந்தச் சலிப்பு நடிப்பு, அவர் வாசித்த வரிகளில் பெரும்பகுதியை இயன் பாட்டின்சன் எழுதிக் கொடுத்தார் என்பவை உங்களைப் போன்ற பழைய நேயருக்குத் தெரிந்தவையே. ஆனால் எழுதிக் கொடுத்த வரிக்கும் அதைச் சொல்லும் கணத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்பது எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. இல்லாத பெண்ணான சமந்தா பக்கத்தில் அமர்ந்து மதிப்பெண் குறிப்பதாகச் சொல்லி, இரட்டை அர்த்தம் தமக்குப் புரியாததுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு, அரங்கம் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கும் அந்த நிதானம், எந்த இடத்தில் மூச்சு எடுப்பது என்பதை வாழ்நாளெல்லாம் ட்ரம்பெட் ஊதிக் கற்றவருடையது. அதை மற்றவர் எழுதித் தந்திருக்க முடியாது. ஆகவே "நான் அழுவது ஒரு வேடத்துக்காகத்தானே" என்று உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்ள வேண்டாம். அவர் உலகத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தது அந்தக் குரலைத்தான், உங்களிடம் வந்து சேர்ந்ததும் அதுதான்.

இனி உங்கள் கணவர் சொல்வதைப் பார்ப்போம். அவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். போக முடியாமற்போன சாவு மனதில் ஒரு முடிவுக்கு வருவதில்லை. 1991-இல் ஊருக்குப் போயிருந்தால் நீங்கள் அங்கே அழுதிருப்பீர்கள், உறவினர் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் நடந்திருக்கும், அந்தச் சடங்குகளின் வழியே துக்கத்துக்கு ஒரு கரை கிடைத்திருக்கும். அது கிடைக்காதபோது பின்னால் வரும் ஒவ்வொரு சாவும் அந்தப் பழைய சாவின் கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. புலம்பெயர்ந்தவர்களோடு பேசும் எவரும் இதைக் கண்டிருப்பார்கள். அப்பாவும் 1921-இல் பிறந்த லிட்டில்டனும் ஏறக்குறைய ஒரே தலைமுறையினராக இருந்திருக்கக்கூடும் என்பதையும் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இருந்தாலும் உங்கள் கணவர் செய்யும் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ஒரு துக்கத்துக்குள் இன்னொன்று கலந்திருப்பதால் முதலாவது பொய்யாகிவிடாது. அவர் எஸ்.பி.பி.க்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தபோது, அந்தப் பாடல்களைக் கேட்ட வயதும், கேட்ட ஊரும், கூடக் கேட்டவர்களும் சேர்ந்துதான் அவரைப் பேசவிடாமல் செய்திருக்கும். அதற்காக "நீங்கள் அழுதது எஸ்.பி.பி.க்காக இல்லை" என்று யாராவது சொன்னால் அவர் ஒப்புக்கொள்வாரா? 2020 செப்டம்பர் 25 அன்று தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரே மாதிரி அழுகை கேட்டது, அன்று யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. இலங்கை வானொலியில் மயில்வாகனத்தின் குரலையும் கே.எஸ். ராஜாவின் குரலையும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, ஒரு குரலுக்காக ஏங்குவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் கணவரின் துக்கத்துக்கு அன்று கூட்டம் இருந்தது. உங்களுடையதற்கு வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சண்டையாகச் சொல்லாமல், ஓய்வான ஒரு நேரத்தில் இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்பாவைப் பற்றிய பேச்சையும் அவரோடு தனியாகவே, லிட்டில்டனை இழுக்காமல், ஒரு நாள் பேசுங்கள். இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் அதுதான், ஏனென்றால் இந்தக் கேள்வியை அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்களே எதிர்கொண்டிருக்கிறார்கள். 1996-இல் வில்லி ரஷ்டன் இறந்தபோது, டிம் புரூக்-டெய்லர், பேரி கிரையர், கிரேம் கார்டன் ஆகியோருடன் அவர் அமர்ந்த நான்காவது இருக்கையை அவர்கள் நிரந்தரமாக யாருக்கும் கொடுத்துவிடவில்லை. விருந்தினர்கள் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர் லிட்டில்டனே. நண்பர் போன பிறகும் ஆட்டத்தை எப்படித் தொடர்வது என்பதற்கு அவரே வழிகாட்டியிருக்கிறார் என்று இதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அவருடைய முறை வந்தபோதும் அவசரம் காட்டப்படவில்லை. 2008 வசந்தகாலத் தொடர் கைவிடப்பட்டது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து 2009 ஜூனில் நிகழ்ச்சி திரும்பியபோது, ஸ்டீஃபன் ஃப்ரை, ஜாக் டீ, ராப் பிரைடன் என்று மூன்று பேர் தலைமை நாற்காலியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஜாக் டீ அதில் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். நேயர்களுக்கும் நேரம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது, உங்களுக்குப் போதவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜாக் டீயைக் கேட்டே தீரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆனால் "பிடிக்கவில்லை" என்று கேட்காமல் இருப்பது வேறு, "கேட்டால் அவருக்கு வருத்தமாக இருக்கும்" என்று கேட்காமல் இருப்பது வேறு. இரண்டாவது காரணம் அவருடைய சுபாவத்துக்கே பொருந்தாது. எல்லா விதமான பயபக்தியையும் ஓட்டைப் பானையாக்கிக் காட்டியவர் அவர். நிகழ்ச்சியின் முடிவில் காலம், நித்தியம், விதி என்றெல்லாம் கனத்த குரலில் தொடங்கி, அந்தக் கனத்தைத் தாமே தடுக்கி விழவைத்து விடைபெறுவது அவர் வழக்கம்.

அவருடைய கடைசி நாட்களில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். அந்த ஆண்டு நிகழ்ச்சியை மேடைகளில் நடத்தியபடி ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார்கள். ஏப்ரல் 22 அன்று போர்ன்மத் நகரில் நடந்த காட்சிக்கு அவரால் வர முடியவில்லை, இதயத்திலிருந்து புறப்படும் பெரும் ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கத்துக்கான அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். அவருக்குப் பதிலாக ராப் பிரைடன் நாற்காலியில் அமர்ந்தார். அரங்கத்தில் கூடியிருந்தவர்களுக்கு லிட்டில்டன் பதிவுசெய்து அனுப்பிய செய்தி ஒன்று ஒலித்தது. மருத்துவமனையில் இருப்பதால் வர இயலவில்லை, மன்னிக்கவும், இந்த யோசனை முன்பே தோன்றாமல் போய்விட்டதே என்பது அதன் சாரம். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, 86 வயதில் அவர் காலமானார். மாற்றாள் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அதையே வேடிக்கையாக்கிய மனிதருக்கு, நீங்கள் இன்னொரு தொகுப்பாளரின் நகைச்சுவைக்குச் சிரிப்பது எப்படித் துரோகமாகும்?

பழைய பதிவுகளைப் பாதியில் நிறுத்துவது பற்றி. நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. சோகப் பாட்டு நம் அழுகைக்கு இடம் கொடுக்கும். நகைச்சுவையோ நம்மைச் சிரிக்கக் கூப்பிடும், சிரித்த மறுகணம் குற்றவுணர்வு வரும். அதுவும் தனியாகக் கேட்கும்போது, அரங்கத்தின் சிரிப்பு மட்டும் அங்கே இருக்க நீங்கள் இங்கே விடப்பட்டதுபோல் இருக்கும். டிம் புரூக்-டெய்லர் 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தார், பேரி கிரையர் 2022 ஜனவரியில் இறந்தார். ஒரே பதிவில் இப்போது நீங்கள் கேட்பது மறைந்த பலரின் குரல்களை. ஏப்ரல் மாதமே உங்களுக்கு இரட்டிப்பாகிவிட்டதும் கவனிக்கத்தக்கது.

ஆகவே பேச்சை விட்டுவிட்டு அவருடைய ட்ரம்பெட்டிலிருந்து தொடங்கும்படி சொல்வேன். கடிதம் முழுவதிலும் அவருடைய இசை பற்றி ஒரு வரிகூட இல்லை. வானொலி வழியே வந்தவர்கள் பலருக்கும் அப்படித்தான், அவரைத் தொகுப்பாளராக மட்டுமே அறிவார்கள். பிரிட்டிஷ் ஜாஸ் உலகம் அவரை முதன்மையாக இசைக்கலைஞராகவே கொண்டாடியது, அவருடைய சொந்த மதிப்பீடும் அதுவாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஈட்டன் பள்ளி ஆசிரியரின் மகனாக அந்தப் பள்ளி வளாகத்திலேயே பிறந்து, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளில் மயங்கி ட்ரம்பெட்டை எடுத்தவர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் சலேர்னோ கடற்கரையில் இறங்கிய படையில் இருந்தவர். 1945 மே 8 அன்று ஐரோப்பாவில் போர் முடிந்த கொண்டாட்டத்தில், லண்டன் தெருவில் ஒரு தள்ளுவண்டியில் ஏறி அமர்ந்தபடி அவர் ட்ரம்பெட் வாசித்தது பிபிசியின் அன்றைய ஒலிபரப்பில் தற்செயலாகப் பதிவாகியிருக்கிறது. 1956-இல் அவர் வெளியிட்ட 'பேட் பென்னி ப்ளூஸ்' விற்பனைப் பட்டியலின் முதல் இருபதுக்குள் நுழைந்த முதல் பிரிட்டிஷ் ஜாஸ் இசைத்தட்டு. அதன் தொடக்கத்தில் வரும் பியானோவின் உருளும் நடையை ஒருமுறை கேட்டால், அதற்கு மேல் ட்ரம்பெட் எப்படி அலட்டிக்கொள்ளாமல் வந்து சேர்கிறது என்பது உங்களுக்குப் பழகிய குரலாகவே கேட்கும். ரேடியோ 2-இல் நாற்பது ஆண்டுகள் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தி, இறப்பதற்கு முந்தைய மாதம்தான் அதிலிருந்து விடைபெற்றார். உங்கள் மகளுக்கு ரேடியோஹெட் பிடிக்குமானால் அவளுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அந்தக் குழு 2001-இல் வெளியிட்ட 'அம்னீசியாக்' தொகுப்பின் கடைசிப் பாடலில், எண்பதை ஒட்டிய வயதில் லிட்டில்டன் தம் குழுவினரோடு வாசித்திருக்கிறார்.

இசையில் அவரைக் கேட்டுப் பழகிய பிறகு நிகழ்ச்சிக்குத் திரும்புங்கள், ஆனால் தனியாக வேண்டாம். மகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: அவள் உங்களோடு அமர்ந்து ஒரு பழைய பகுதி கேட்கட்டும், மறுவாரம் நீங்கள் அவளோடு அமர்ந்து ஒரு புதிய பகுதி கேளுங்கள். கண்ணீர் வந்தால் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். நிறுத்துவதுதான் இதுவரை அதை வளர்த்திருக்கிறது.

ஏப்ரல் மாதத்தைப் பொறுத்தவரை, நீங்கள் அறியாமலே ஆண்டுத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதை யாருக்கும் தெரியாமல் கொடுக்கிறீர்கள். தெரிந்தே கொடுங்கள். ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, வேண்டுமானால் இறந்த நாளை விட்டுவிட்டு அவருடைய பிறந்த நாளான மே 23-ஐ எடுத்துக்கொண்டு, லண்டனிலேயே ஓரிடத்துக்குப் போய்வாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 100-ஆம் எண் நிலவறை இன்று 100 கிளப் என்று அழைக்கப்படுகிறது. 1950-களில் அவர் பெயரில் மன்றம் நடந்ததும் அவர் குழுவினர் வாசித்ததும் அங்கேதான். மார்னிங்டன் கிரசென்ட் சுரங்க ரயில் நிலையத்தில் வில்லி ரஷ்டனுக்கு நினைவுப் பலகை இருக்கிறது. 1992 முதல் மூடிக்கிடந்த அந்த நிலையம் 1998-இல் திறக்கப்பட்டபோது நிகழ்ச்சிக் குழுவினர்தாம் திறந்துவைத்தார்கள். அப்பாவுக்கும் இதேபோல் ஒரு நாள் வையுங்கள், அது வேறு நாளாக இருக்கட்டும்.

விட்டுவைத்த பக்கம் இதுதான். ஏப்ரலில் மனம் கனப்பது சில நாட்களில் தானாகக் கலைகிறது என்றால் மேலே சொன்னவை போதும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கூம்பிக் கிடந்தாலோ, உறக்கமும் பசியும் குலைந்தாலோ, அப்பாவின் இழப்பு இன்றும் அன்றாட அலுவல்களைத் தடுக்கும் அளவுக்கு வதைத்தாலோ உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இப்போது தனி நிலையாக அங்கீகரிக்கிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவையின் பேச்சுச் சிகிச்சைக்கு மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம், தேவைப்பட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் காத்திருக்காமல் அன்றே உதவி கேளுங்கள்.

கணவரையும் ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கொரு லண்டன் இடப்பெயராகச் சொல்லிக்கொண்டே போய், அந்த நிலையத்தின் பெயரை முதலில் சொல்பவர் வெல்லும், நிகழ்ச்சியில் வரும் அந்த ஆட்டத்தின் விதிகள் என்ன என்று அவர் கேட்பார். விதிகளே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வடக்குத் திசைப் பாதையில் மூலைவிட்டமாக நகரக்கூடாது என்று முகத்தை மாற்றாமல் தொடங்குங்கள்.